வீட்டுச் சுவருக்கு வந்த தெய்வங்கள்: ஓவியர் இரவிவர்மாவின் வாழ்வு

ஒக்லண்ட் நகரிலே பழைய பொருட்களை விற்கும் கடைகளில் ஒரு மூலை சட்டமிட்ட படங்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பொன்முலாம் பூசிய மரச் சட்டங்களுக்குள் ஆங்கில நாட்டுப்புறத்து ஓடையும், ஒல்லாந்து நாட்டு யன்னலோரப் பெண்ணும், இத்தாலிய மாதாவும் குழந்தையும் நிறம் மங்கிக் காணப்படுவர். இவை மூல ஓவியங்களல்ல. ஐரோப்பாவின் பெரும் ஓவியங்களைப் பார்த்து அச்சிட்ட பிரதிகள். கடல் கடந்து வந்து குடியேறியோர் தாம் விட்டுவந்த உலகின் ஒரு துண்டை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைக்க விரும்பினர். மூல ஓவியத்தை வாங்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. பிரதியே போதுமானதாயிருந்தது.

நமக்கும் அத்தகைய படங்கள் உண்டு. செந்தாமரை மீது நின்றருளும் இலக்குமியும், நீர்நிலையோரப் பாறையில் வீணையுடன் அமர்ந்திருக்கும் சரசுவதியும் நம்மவர் குடியேறிய நாடுகள் எங்கும் கூடவே வந்து சேர்ந்திருக்கின்றனர். வாடகை வீட்டின் உடுப்பு அலுமாரியே சாமியறையாக மாறும் நிலையிலும் இவர்களுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. இம்முகங்கள் புராண காலந்தொட்டு இவ்வாறே இருந்து வந்தன என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இவற்றின் வயது ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளே. இன்று நாம் வணங்கும் உருவத்தை வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த இரவிவர்மா. அவருடைய வாழ்வையும், அவர் தொடங்கி இழந்த ஓர் அச்சுக்கூடத்தின் கதையையும் இங்கு நோக்குவோம்.

கிளிமானூரும் மதுரையும்

1848 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் திகதி, திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கிளிமானூர் அரண்மனையில் இரவிவர்மா பிறந்தார். தந்தை நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி கற்றவர். தாய் உமையம்பாய் தம்புராட்டி கவிதை புனைந்தவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் மணவுறவு கொண்ட குடும்பம் அது. ஆயினும் இரவிவர்மா எந்த நாட்டையும் ஆண்டவரல்லர். அவருடைய பெயருக்கு முன் நிற்கும் 'ராஜா' என்னும் சொல் ஆட்சியைக் குறிப்பதன்று.

சிறுவனாயிருந்தபோது வீட்டுச் சுவர்களிற் கரியால் விலங்குகளை வரைந்து வந்த பையனின் கைவண்ணத்தை முதலில் உணர்ந்தவர் அவருடைய மாமன் இராஜராஜவர்மா. மாமனுக்குத் தெரிந்திருந்தது தஞ்சாவூர் மரபு ஓவியம். அவர் அதனைக் கற்றது மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரசவைக்கு வந்த அளகிரி நாயுடுவிடம். ஆகவே, கேரளத்தின் பெருமைக்குரிய இவ்வோவியரின் முதற் பாடத்திலே தமிழ்நாட்டு ஓவிய மரபு கலந்திருந்தது என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

1862 இல், பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் பையனின் திறமையை மெச்சி, அரண்மனையிலே தங்கிப் பயில இடமளித்தார். அங்கே ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைக் கொண்ட நூல்களைப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. பிற்காலத்தில் பிரதிகளால் ஒரு தேசத்தின் சுவர்களை நிரப்பப் போகின்றவர், தாமும் பிரதிகளைப் பார்த்தே கண் திறந்தவராவார்.

மறுக்கப்பட்ட கல்வி

அக்காலத்தில் எண்ணெய் வண்ணம் இந்தியாவுக்குப் புதியது. திருவிதாங்கூரில் அதனைக் கையாளத் தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த அரசவை ஓவியர் இராமசாமி நாயக்கர் ஒருவரே. அவர் இளைஞரான இரவிவர்மாவைப் போட்டியாளராகக் கருதினார். தமது தொழில் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். ஆனால் நாயக்கரின் மாணவர்களுள் ஒருவரான ஆறுமுகம்பிள்ளை என்பவர் இரவு நேரங்களில் ஆசிரியருக்குத் தெரியாமல் வந்து, தாம் அறிந்ததை இரவிவர்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார் என அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஆறுமுகம்பிள்ளையின் பெயர் ஓவிய வரலாற்றில் இந்த ஒரு செயலுக்காகவே நிலைத்திருக்கிறது.

1868 இல் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தைத் தீட்டுவதற்காகத் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரையும்போது அருகில் நின்று பார்ப்பதற்கு மட்டும் அனுமதித்தார். இரவிவர்மா பார்த்தார், பின்னர் தனியே அமர்ந்து செய்து பார்த்தார், பிழைத்தவற்றை அழித்து மறுபடியும் தீட்டினார். முறையான ஓவியப் பள்ளி எதனிலும் அவர் படித்தவரல்லர்.

1870 ஆம் ஆண்டு கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று நாற்பத்தொரு நாள் விரதமிருந்த பின்னரே ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டார் என்பர். கோழிக்கோட்டில் நீதித்துறை அதிகாரி ஒருவரின் குடும்பத்தைத் தீட்டியமைக்கே அவருக்கு முதன்முதலாக ஊதியம் கிடைத்தது. உயர்குலத்தில் பிறந்த ஒருவர் கூலி பெற்று ஓவியம் வரைவது அந்நாளில் மதிப்புக் குறைவாகக் கருதப்பட்டது. அக்கருத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

மன்னர்களின் ஓவியர்

1873 இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஓவியம் வியன்னா நகரக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டு, இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தீட்டி மீண்டும் சென்னையிற் தங்கப் பதக்கம் பெற்றார். 1876 இல் தாமரை இலையில் காதல் மடல் எழுதும் சகுந்தலையின் ஓவியத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனே விலைக்கு வாங்கினார். காளிதாசரின் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மோனியர் வில்லியம்சின் நூலில் அப்படம் முகப்பாக இடம்பெற்றது.

1880 இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து ஆட்சிக்கு வந்த விசாகம் திருநாளுக்கும் ஓவியருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு கதவு மூடப்பட்டபோது வேறு கதவுகள் திறந்தன. பரோடாவில் திவானாக விளங்கிய மாதவராவ், முன்னர் திருவிதாங்கூரின் திவானாயிருந்தவர், கும்பகோணத்திற் பிறந்தவர். அவருடைய தொடர்பினால் 1881 இல் பரோடா மன்னர் சாயாஜிராவின் அரசவைக்கு இரவிவர்மா சென்றார். 1888 இல் அதே மன்னர் இராமாயண, மகாபாரதக் காட்சிகளைப் பதினான்கு ஓவியங்களாகத் தீட்டித் தருமாறு பணித்தார்.

இப்பணியில் ஒரு சிக்கல் எழுந்தது. சீதைக்கும் தமயந்திக்கும் எந்த நாட்டு உடையை உடுத்துவது? தமயந்தி விதர்ப்ப நாட்டினள். சகுந்தலை இமயத்து ஆச்சிரமத்தில் வளர்ந்தவள். வடக்கிலும் தெற்கிலும் உள்ள இந்துக்கள் எல்லோரும் தம்முடையவர் என ஏற்கத்தக்க உடை எது? விடை தேடி இரவிவர்மாவும் தம்பி இராஜராஜவர்மாவும் இந்தியாவின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்தனர். முடிவிற் சேலையைத் தெரிந்தெடுத்தனர். இன்று தெய்வப் பெண்கள் என்றவுடன் சேலை கட்டிய உருவமே நம் மனக்கண்ணில் எழுகின்றது. அந்தப் பயணத்துக்கு இதில் பெரும் பங்குண்டு.

பதினான்கு ஓவியங்களும் முடிவுற்ற பின்னர் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பெருந்திரளான மக்கள் வந்து பார்த்தனர். ஆனால் கண்காட்சி முடிந்ததும் ஓவியங்கள் அரண்மனைக்குள் சென்றுவிட்டன. வரிசையில் நின்று பார்த்தவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்பினர்.

கல்லிலிருந்து காகிதத்துக்கு

மாதவராவ் முன்னரே ஓர் ஆலோசனை கூறியிருந்தார். இரவிவர்மாவின் படங்களை விரும்புவோர் பெருகிவிட்டனர். இரு கைகளால் அத்தனை பேருக்கும் வரைந்து கொடுத்தல் இயலாது. ஆகவே தெரிந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சிற் பிரதி எடுப்பித்தால் நாட்டுக்கும் தொண்டாகும் என்பது அவருடைய கருத்து. இரவிவர்மா ஒரு படி மேலே சென்றார். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பாமல், ஐரோப்பிய இயந்திரங்களை இங்கு வரவழைத்தார்.

1894 இல் பம்பாயிலே அவருடைய அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. இயந்திரங்களும் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் ஜேர்மனியிலிருந்து வந்தனர். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. அதன்பின் இலக்குமி, சரசுவதி, இராமர் பட்டாபிடேகம் முதலியன வந்தன. தெய்வப் படங்களை அச்சிட்டோரில் இவரே முதல்வர் என்று கூறுதல் பொருந்தாது. கல்கத்தாவிலும் பூனாவிலும் 1870 களின் இறுதியிலேயே கல்லச்சில் இத்தகைய படங்கள் வந்துள்ளன. ஆனால் எண்ணெய் ஓவியத்தின் ஆழமும் மினுக்கமும் கொண்ட படம் சாமானியன் வீட்டுக்கு வந்தது இவரால்தான்.

அத்தொழில் எளிதானதன்று. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லின் மேல் கொழுப்பு மையால் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து அச்சு மையைப் பூசினால், நீர் உள்ள இடத்தில் மை ஒட்டாது. கொழுப்பு உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். இலக்குமியின் சேலைச் சிவப்புக்கு ஒன்று, முகத்தின் மஞ்சளுக்கு ஒன்று, தாமரை இலைப் பச்சைக்கு ஒன்று எனப் பல கற்களிலே வெவ்வேறாக வரைந்து, ஒரே தாளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் மேல் அழுத்த வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் உதட்டின் நிறம் கன்னத்தில் விழும். இறுதியில் துணியில் தீட்டியது போன்ற சொரசொரப்பைத் தாளின் மேல் அழுத்தி எடுத்து, மெருகு பூசுவார்கள். இவ்வாறு உருவான படத்தை ஒலியோகிராப் என்பர்.

வாங்கியவர்கள் அதனை அப்படியே விட்டுவைக்கவில்லை. சட்டம் போடுவதற்கு முன் சரிகையும் சிறு மணிகளும் தைத்து, பட்டுத் துணியொட்டி, தெய்வத்துக்குத் தம் கையாலே உடை உடுத்திய பெண்கள் பலர். அச்சில் ஒன்றுபோல் வந்த படங்கள் அந்தந்த வீட்டுக்கே உரியனவாயின.

ஓவியருக்கு வணிகம் கைகூடவில்லை. பம்பாயில் 1896 இல் பரவிய கொள்ளைநோயினால் வேலையாட்கள் ஊரை விட்டோடினர். அச்சுக்கூடம் லோனாவலாவுக்கு அண்மையிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. கடன் ஏறியது. தம்பி இராஜராஜவர்மா எழுதி வந்த நாட்குறிப்பு அக்காலத்துக் கவலைகளை நமக்குக் காட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், அங்கு பணியாற்றிய ஜேர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைகரிடம் அச்சுக்கூடம் விற்கப்பட்டது. அவருடன் படங்களைப் பிரதியெடுக்கும் உரிமையும் சென்றது. அதன்பின் சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் விளம்பரமான கலண்டர்களிலும் இரவிவர்மாவின் தெய்வங்கள் வந்தன. அவ்வச்சுக்கூடத்திற் தொழில் பழகியவர்களுள் ஒருவர், 1913 இல் முழுநீளத் திரைப்படம் எடுத்த தாதாசாகேப் பால்கே. 1972 இல் தீவிபத்தில் அச்சுக்கூடம் அழிந்தது.

1905 சனவரியில் தம்பி இராஜராஜவர்மா காலமானார். ஓவியங்களில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டியும் கணக்குகளைப் பார்த்தும் வாழ்நாள் முழுவதும் துணைநின்றவர் அவர். மைசூர் அரண்மனைக்கான ஓவியங்களை முடித்துக்கொடுத்த இரவிவர்மா, நீரிழிவினால் நலிந்து, 1906 ஒக்டோபர் 2 ஆம் திகதி தாம் பிறந்த கிளிமானூரிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 58.

கோயிற் கதவுக்கு வெளியே

இரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வெளிவந்த காலத்தில், அவருடைய சொந்த நாடான திருவிதாங்கூரிலே மக்களிற் பெரும் பகுதியினர் கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்தனர். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கவும் தடை இருந்தது. 1924 இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தையும், அதிலே பெரியார் ஈ.வெ.ரா. சிறை சென்றதையும் நாம் அறிவோம். கருவறையிலுள்ள தெய்வத்தின் முகத்தை ஒருநாளும் காணாதவர்கள் வீட்டுக்கு, ஒரு தாளில் ஏறித் தெய்வம் வந்தது. அதனைத் தொடுவதற்கும், பொட்டு வைப்பதற்கும், மாலை சாத்துவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

இரவிவர்மா சமூகச் சீர்திருத்தத்தைக் கருதி அச்சுக்கூடம் தொடங்கியவர் எனக் கூறுவது மிகையாகும். பொருளீட்டும் எண்ணமும் புகழாசையும் அவருக்கு இருந்தன. செயலின் விளைவு செய்தவரின் எண்ணத்தைக் கடந்து சென்றது என்பதே உண்மை. வரலாறு இதற்கு வியத்தகு தொடர்ச்சியொன்றையும் வைத்திருந்தது. 1900 இல் அவருடைய பேர்த்தியர் இருவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் சேது பார்வதிபாயின் மகனே மன்னர் சித்திரைத் திருநாள். 1936 நவம்பர் 12 ஆம் திகதி இந்துக்கள் அனைவருக்கும் அரசின் கோயில்களைத் திறந்துவிட்ட பிரகடனத்திற் கையெழுத்திட்டவர் அவரே, ஓவியரின் பூட்டன்.

நம்முடைய மண்ணில் அந்தக் கதவு இன்னும் தாமதமாகவே திறந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை மறந்துவிட்டு, யாழ்ப்பாணத்து வீடுகளின் சாமிப் படங்களைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மண்வீட்டுச் சுவரிலும் இலக்குமி இருந்தாள். அவள் எந்த வீட்டுச் சுவரையும் விலக்கவில்லை.

எதிர்த்து எழுந்த குரல்கள்

இரவிவர்மாவின் ஓவியங்களைக் கடுமையாகச் சாடியவர்களுள் முக்கியமானவர் நம்மவர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். இந்தியக் கலையின் உட்பொருளை மேலைநாட்டாருக்கு உணர்த்திய அவ்வறிஞர், இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையில் நிற்கும் மனிதர்களே, அவற்றில் தெய்வீகம் இல்லை எனக் கருதினார். ஐரோப்பிய முறையை இரவல் வாங்கியவர் இந்திய ஓவியத்தின் மரபை இழந்துவிட்டார் என்பது அவரும் வங்க ஓவியர்களும் முன்வைத்த குற்றச்சாட்டு.

இதிற் பொருளுண்டு. சோழர் காலச் செப்புத் திருமேனியின் முன் நின்றவர் அவ்வேறுபாட்டை உணர்வர். மற்றொரு குறையும் உண்டு. இரவிவர்மா தீட்டிய தேவியர் பெரும்பாலும் வெளிர்நிறத்தவர். மேற்குடிப் பெண்களின் சாயலினர். அச்சு பெருகப் பெருக அந்த ஒரே முகமே தெய்வ முகமாயிற்று. நம்முடைய ஊர்த் தெய்வங்களின் கருத்த, உக்கிரமான, கல்லிலும் சூலத்திலும் குடிகொண்ட உருவங்கள் வரவேற்பறைக்கு வரவில்லை. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் பின்னர் வரைந்த கலண்டர்ப் படங்களிற் தமிழ்ச் சாயல் ஓரளவு கூடியது. ஆயினும் இரவிவர்மா வகுத்த பாதை முற்றாக மாறவில்லை.

ஆயினும் குமாரசுவாமி கலைக்கூடத்தை மனத்திற் கொண்டு எழுதினார். அச்சுப் படம் வாங்கியவர் வீட்டை மனத்திற் கொண்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்பதே நமது கேள்வி.

ஒக்லண்ட் நகரத்து ஓவியர்

இக்கேள்விக்கு நாம் வாழும் இந்நகரும் ஒரு விடை தருகின்றது. 1870 இல் ஒக்லண்டிற் பிறந்த சார்ல்ஸ் கோல்டி, பாரிஸ் சென்று ஐரோப்பிய மரபு ஓவியம் பயின்று, 1898 இல் திரும்பி வந்தார். முகத்திற் பச்சை குத்திய மாவோரி முதியோரை அச்சொட்டாகத் தீட்டினார். மாவோரி இனம் மறைந்துபோகும் என்னும் அக்கால வெள்ளையர் எண்ணம் அவருடைய ஓவியங்களிற் படிந்துள்ளது என்பது திறனாய்வாளர் கூற்று. அந்த எண்ணம் பொய்த்தது. மாவோரி மக்கள் நிலைத்து வாழ்கின்றனர். அவர்களிற் பலர் கோல்டியின் ஓவியங்களைக் கலைப்பொருளாக அன்றித் தம் மூதாதையராகவே மதிக்கின்றனர். அவர்களுடைய பொது மண்டபச் சுவர்களிலும் இறந்தோரின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. கோல்டியின் அச்சுப் பிரதிகளும் இந்நாட்டு வீடுகள் பலவற்றிற் சட்டமிட்டுத் தொங்குகின்றன. யார் எந்த எண்ணத்துடன் தீட்டினார் என்பதைவிட, அப்படத்தின் முன் நிற்போர் அதில் யாரைக் காண்கின்றனர் என்பதே முடிவில் நிலைக்கின்றது.

பிரதியின் பெறுமதி

1979 இல் இந்திய அரசு இரவிவர்மாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. இந்தியாவிலுள்ள மூல ஓவியங்களை ஏற்றுமதி செய்தல் தடுக்கப்பட்டது. ஏலத்தில் அவை கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகின்றன. மூலம் இவ்வாறு காவலில் இருக்க, பிரதி எல்லை கடந்து செல்கின்றது. அதனைச் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். சேலைக்கு நடுவே மடித்து எடுத்து வரலாம். 1983 இலும் 1990 இலும் 1995 இலும் வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் வெளியேறியவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாதது. சுவரை யாரும் கொண்டுவரவில்லை. படம் வந்தது, வராத இடத்தில் அதே படம் மறுபடியும் வாங்கப்பட்டது. ஒன்றே ஒன்றான மூல ஓவியத்தை இழந்தவருக்கு மாற்று இல்லை. பிரதியை இழந்தவருக்கு உண்டு. இரவிவர்மாவின் அச்சுக்கூடம் உலகுக்கு அளித்த கொடை இதுவென நாம் கருதுகின்றோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் தாத்தா, பாட்டி காலத்துப் பழைய சாமிப் படம் இருந்தால், அதன் கீழ் விளிம்பை ஒருமுறை பாருங்கள். இரவிவர்மா அச்சுக்கூடத்தின் பெயரும் கார்லா, லோனாவலா என்னும் ஊர்ப் பெயரும் பொறித்திருக்கக்கூடும். அச்சகத்தின் பெயர் இல்லாவிடினும் அதனை எறிந்துவிடாதீர்கள். நியூசிலாந்தின் வெயில் நிறத்தைத் தின்றுவிடும். யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ஈரமான வெளிச்சுவரையும் தவிர்த்துவிடுங்கள். சட்டத்தின் பின்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, எந்த ஊரில், எந்த வீட்டில், யாருடைய சாமியறையில் அப்படம் இருந்தது, எந்த ஆண்டில் யார் கையோடு இங்கு வந்தது என்பவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். இங்கு பிறந்த பிள்ளைகள் அந்த வீட்டைக் கண்டதில்லை. அப்படத்தைத் திருப்பிப் பார்க்கும் நாளில், முன்புறத்திலே தெய்வத்தையும் பின்புறத்திலே தம் ஊரையும் அவர்கள் காணட்டும்.